காலவரை ஒப்பந்தத்தில் வேலை, கையில் வீட்டுக்கடன்: பிரிட்டனில் வாங்குவோருக்கான முழுமையான வழிகாட்டி

கான்ட்ராக்ட் வேலையில் இருந்தால் பிரிட்டனில் மார்ட்கேஜ் கிடைக்காது என்று சொல்பவர்கள் பெரும்பாலும் ஒரே ஒரு வங்கியில் கேட்டுவிட்டுத் திரும்பியவர்கள். அதே ஆளுக்கு, அதே சம்பளத்துக்கு அடுத்த தெரு வங்கி கடன் கொடுத்திருக்கக்கூடும். ஃபிக்ஸ்டு டேர்ம் ஒப்பந்தத்தை எப்படிப் பார்ப்பது என்பதில் ஒவ்வொரு வங்கிக்கும் ஒவ்வொரு பில்டிங் சொசைட்டிக்கும் தனித்தனி விதி. எந்த வங்கியில், எந்த மாதத்தில், எந்தக் காகிதங்களோடு கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தே பதில் அமைகிறது. இங்கே சொல்லும் நடைமுறை இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் உரியது. ஸ்காட்லாந்தில் வீடு வாங்கும் முறையே வேறு. கடன் பகுதி மட்டும் ஏறக்குறைய இதேதான்.

வங்கி ஏன் தயங்குகிறது என்பதை முதலில் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. நிதித்துறையைக் கண்காணிக்கும் எஃப்சிஏ வகுத்த விதிப்படி, கடன் காலத்தில் வருமானம் மாறக்கூடும் என்று விண்ணப்பத்திலிருந்தே தெரிந்தால் வங்கி அதைக் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும். நிரந்தர ஊழியருக்கும் நாளை வேலை போகலாம், ஆனால் அவருடைய ஒப்பந்தத்தில் தேதி இல்லை. உங்கள் ஒப்பந்தத்தில் தேதி அச்சிடப்பட்டிருக்கிறது. விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் அண்டர்ரைட்டருக்கு இருப்பது ஒரே கேள்வி: அந்தத் தேதிக்குப் பிறகு என்ன? உங்கள் விண்ணப்பம் முழுக்க அந்தக் கேள்விக்கான பதிலாக இருக்க வேண்டும்.

முதலில், உங்களுடையது எந்த வகை ஒப்பந்தம்?

தொடக்கத்திலேயே பலர் இடறுவது இங்கேதான். விண்ணப்பப் படிவத்தில் வேலை வகை என்ற கட்டத்தில் நிரந்தரம், காலவரை ஒப்பந்தம், தற்காலிகம், ஏஜென்சி, கான்ட்ராக்டர், சுயதொழில் என்று பல தெரிவுகள் இருக்கும். பேச்சு வழக்கில் எல்லாவற்றையும் 'கான்ட்ராக்ட்' என்று சொல்லிப் பழகியதால் 'கான்ட்ராக்டர்' என்பதை அழுத்திவிடுகிறார்கள். அதோடு விண்ணப்பம் தினக்கூலிக் கணக்கில் இயங்குபவர்களுக்கான விதிகளுக்குப் போய், கேட்கவே தேவையில்லாத இரண்டு ஆண்டு கணக்குகளைக் கேட்டு நிற்கும்.

நீங்கள் வேலை செய்யும் நிறுவனமே உங்களுக்கு பேஸ்லிப் கொடுக்கிறது, வரியையும் நேஷனல் இன்சூரன்ஸையும் அதுவே பிடிக்கிறது, ஒப்பந்தத்தில் முடியும் தேதி இருக்கிறது என்றால் நீங்கள் காலவரை ஒப்பந்த ஊழியர். பேஸ்லிப் ஒரு ஏஜென்சியிடமிருந்தோ அம்ப்ரெல்லா நிறுவனத்திடமிருந்தோ (ஒப்பந்த ஆட்களைத் தன் ஊழியராகப் பதிந்து சம்பளம் தரும் இடைநிறுவனம்) வந்தால் அது வேறு வகை. சொந்த லிமிடெட் நிறுவனம் வழியாக இன்வாய்ஸ் போட்டால் அது இன்னொன்று. அவர்களிடம் வங்கி கேட்பது வரித்துறையான எச்எம்ஆர்சி தரும் எஸ்ஏ302 வரிக் கணக்கையும் நிறுவனத்தின் கணக்குகளையும். இந்த வழிகாட்டி முதல் வகையையே அதிகம் பேசுகிறது. அம்ப்ரெல்லா ஆட்களுக்கான கணக்கும் கீழே இருக்கிறது.

நான்கு ஆண்டு ஆகிவிட்டதா? இதை முதலில் பாருங்கள்

காலவரை ஒப்பந்த ஊழியர்களைப் பாரபட்சமாக நடத்துவதைத் தடுக்கும் 2002ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளில் பலருக்கும் தெரியாத ஒரு பிரிவு உண்டு. ஒரே முதலாளியிடம் தொடர்ச்சியாக நான்கு ஆண்டு காலவரை ஒப்பந்தத்தில் இருந்து, அந்த ஒப்பந்தம் ஒருமுறையாவது புதுப்பிக்கப்பட்டிருந்தால், சட்டப்படி நீங்கள் நிரந்தர ஊழியர். நிறுவனத்துக்கு அதை மறுக்கத் தகுந்த நியாயமான காரணம் இருந்தாலோ, தொழிற்சங்கத்தோடு செய்துகொண்ட கூட்டு ஒப்பந்தம் வேறு விதி வகுத்திருந்தாலோ மட்டும்தான் இது பொருந்தாது. ஏஜென்சி ஊழியர்களுக்கு இந்த உரிமை இல்லை.

செய்ய வேண்டியது: 'என்னுடைய ஒப்பந்தம் இப்போது நிரந்தரமானது என்பதை எழுத்தில் உறுதிப்படுத்துங்கள்' என்று எச்ஆருக்குக் கடிதம் எழுதுங்கள். 21 நாட்களுக்குள் அவர்கள் எழுத்தில் உறுதிப்படுத்த வேண்டும், அல்லது ஏன் இல்லை என்று காரணம் சொல்ல வேண்டும். பல்கலைக்கழகங்களில் ஆய்வு நிதி வரும் போகும் கணக்கில் ஆறு, ஏழு ஆண்டு ஒப்பந்தத்தின் மேல் ஒப்பந்தமாக ஓட்டுபவர்களுக்கு இது பெரிய ஆயுதம். அந்தக் கடிதம் கைக்கு வந்துவிட்டால் வங்கிப் படிவத்தில் 'நிரந்தரம்' என்று போடலாம். கீழே உள்ளதில் பாதி உங்களுக்குத் தேவைப்படாது.

வங்கி பார்க்கும் நான்கு விஷயங்கள்

விதிகள் வங்கிக்கு வங்கி மாறினாலும் அளவுகோல்கள் ஒன்றுதான். ஒப்பந்தத்தில் எத்தனை ஆண்டாக இருக்கிறீர்கள், இப்போதைய ஒப்பந்தத்தில் எத்தனை மாதம் பாக்கி, இதற்கு முன் புதுப்பிக்கப்பட்டதா, ஒப்பந்தங்களுக்கு இடையே எவ்வளவு இடைவெளி.

பல வங்கிகள் எதிர்பார்ப்பது குறைந்தது 12 மாத ஒப்பந்த அனுபவம், அதோடு பாக்கி 3 முதல் 6 மாதம். சில வங்கிகள் இரண்டு ஆண்டு வரலாறு கேட்கும். ஒருமுறை புதுப்பிக்கப்பட்டிருந்தால் பாக்கி மாதங்களைப் பொருட்படுத்தாத வங்கிகளும் உண்டு. இடைவெளியைப் பொறுத்தவரை, இரண்டு மூன்று வாரம் என்றால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. மாதக்கணக்கில் போனால் எழுத்தில் விளக்கம் கேட்பார்கள். ஊருக்குப் போயிருந்தீர்கள் என்றால் அப்படியே எழுதுங்கள், டிக்கெட்டையும் இணையுங்கள். அண்டர்ரைட்டருக்கு ஒத்துவராதது இடைவெளி அல்ல, விளக்கமில்லாத இடைவெளி.

ஒரே துறையில் தொடர்வது பெரிய பலம். ஐந்து ஆண்டு நிரந்தர வேலை பார்த்த ஆசிரியர் இப்போது ஓராண்டு ஒப்பந்தத்தில் இருந்தால், ஒப்பந்தம் தொடங்கி மூன்று மாதமே ஆகியிருந்தாலும் ஏற்கும் வங்கிகள் இருக்கின்றன. துறை மாறி, முதல் ஒப்பந்தம், அதுவும் 6 மாதம் என்றால் பொறுத்திருப்பதே நல்லது.

எப்போது விண்ணப்பிப்பது? புதுப்பித்தல் கையெழுத்தான பிறகு. செப்டம்பரில் தொடங்கி ஆகஸ்டில் முடியும் ஒப்பந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மே மாதத்தில் விண்ணப்பித்தால் பாக்கி மூன்று மாதம். பாதி வங்கிகள் அங்கேயே கதவை மூடிவிடும். ஜூலையில் அடுத்த ஆண்டுக்கான கடிதம் வந்து, அதை வைத்துச் செப்டம்பரில் விண்ணப்பித்தால் பாக்கி ஓராண்டு. வீடு வாங்கி முடிக்க மூன்று நான்கு மாதம் ஆகும். டிசம்பரில் சாவி வாங்கும்போதும் எட்டு மாதத்துக்கு மேல் கையில் இருக்கும். அதே ஆள், அதே வேலை, அதே சம்பளம். மாறியது நாள்காட்டி மட்டும்தான். வீடு தேடுவதை கோடையிலேயே தொடங்கலாம். விண்ணப்பத்தைத்தான் தள்ளிப்போட வேண்டும்.

எவ்வளவு கிடைக்கும்: கணக்கு

பொதுவாக ஆண்டு வருமானத்தில் 4.5 மடங்கு வரை. அதற்கு மேல் வங்கிகள் கொடுக்கும் கடன்களின் பங்குக்கு ஒழுங்குமுறை வரம்பு உண்டு. எனவே 5 மடங்கு, 5.5 மடங்கு என்பதெல்லாம் பெரும்பாலும் அதிக சம்பளமும் நிரந்தர வேலையும் உள்ளவர்களுக்குத்தான் போகும். ஒப்பந்த ஊழியர் 4.5ஐ உச்சமாக வைத்துத் திட்டமிடுவது பத்திரமானது.

சம்பளம் 42,000 பவுண்டு என்றால் 42,000 × 4.5 = 1,89,000 பவுண்டு. 10% டெபாசிட் வைத்தால் 2,10,000 பவுண்டு வீடு. உங்கள் கையிலிருந்து 21,000. வட்டி 5% என்று கணக்குக்கு எடுத்துக்கொண்டால் 30 ஆண்டு கடனுக்கு மாதம் ஏறக்குறைய 1,015 பவுண்டு, 35 ஆண்டாக நீட்டினால் 954. ஆனால் வட்டி உயர்ந்தாலும் கட்ட முடியுமா என்றும் வங்கி சோதித்துப் பார்க்கும். சோதனை வட்டி 7% என்றால் அதே 30 ஆண்டு கடனுக்கு 1,257 பவுண்டு வரும். இந்தத் தொகை உங்கள் செலவுகளோடு ஒத்துப்போகாவிட்டால் 4.5 மடங்கு என்பது காகிதத்தோடு சரி. கார் லோன், கிரெடிட் கார்டு பாக்கி, குழந்தைப் பராமரிப்புக் கட்டணம் மூன்றும் இதைக் கடுமையாகக் குறைக்கும். மாதம் 300 பவுண்டு கார் தவணை கட்டுபவருக்கு, அந்தக் கடனை முடித்துவிட்டு விண்ணப்பித்தால் கிடைக்கும் தொகை பல ஆயிரம் கூடலாம்.

10% டெபாசிட்டைப் பற்றி ஒரு வார்த்தை. 5% போதும் என்று விளம்பரங்கள் சொல்லும். அது நிரந்தர ஊழியருக்கு. ஒப்பந்தத்தில் இருப்பவருக்கு 5% என்றால் கதவுகள் குறைவு, 10% என்றால் கணிசமாக கூடும், 15% என்றால் வட்டியும் இறங்கும். முதல் ஒப்பந்தத்தில் இருப்பவர் ஓராண்டு பொறுத்தால் வரலாறும் சேரும், டெபாசிட்டும் சேரும்.

இனி அம்ப்ரெல்லா வழியாக வேலை செய்பவர்களுக்கு. நாள் ஒன்றுக்கு 300 பவுண்டு என்றால், கான்ட்ராக்டர்களை நன்கு அறிந்த வங்கிகள் 300 × 5 நாள் × 48 வாரம் = 72,000 பவுண்டு என்று ஆண்டு வருமானம் போடும்; சில 46 வாரம் எடுத்து 69,000 என்று போடும். மற்ற வங்கிகள் பேஸ்லிப்பில் உள்ள மொத்தச் சம்பளத்தை மட்டுமே பார்க்கும். அங்கேதான் அடி. அம்ப்ரெல்லா நிறுவனம் அந்த 72,000இலிருந்து தன் கட்டணம், முதலாளி கட்ட வேண்டிய நேஷனல் இன்சூரன்ஸ், அப்ரென்டிஸ்ஷிப் லெவி எல்லாவற்றையும் கழித்த பிறகு மிஞ்சுவதே உங்கள் மொத்தச் சம்பளம். 2025 ஏப்ரலில் முதலாளி பங்கு 15% ஆக உயர்ந்து, அது தொடங்கும் வரம்பும் ஆண்டுக்கு 5,000 பவுண்டாக இறங்கிய பிறகு, 72,000க்கு பேஸ்லிப்பில் சுமார் 62,000தான் நிற்கும். வித்தியாசம் 10,000; 4.5 மடங்கில் 45,000 பவுண்டு கடன். வங்கியைத் தேர்ந்தெடுப்பதிலேயே ஒரு படுக்கையறை வந்து சேரலாம், போகவும் செய்யலாம்.

இருவர் சேர்ந்து விண்ணப்பித்து, ஒருவர் நிரந்தர வேலையில் இருந்தால், நிரந்தர வருமானத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அது போதுமென்றால் ஒப்பந்த வருமானத்தை முன்னிறுத்தாமலே முடிக்கலாம். பாதிதான் தேறும் என்றால், ஒப்பந்த வருமானத்தை முழுதாக ஏற்கும் வங்கியை முதலிலேயே தேட வேண்டும்.

எச்ஆர் கடிதம்: இதில்தான் நேரம் செலவிட வேண்டும்

விண்ணப்பத்தில் மிக முக்கியமான காகிதம் பேஸ்லிப் அல்ல, நிறுவனத்தின் கடிதம். பலர் எச்ஆரிடம் 'மார்ட்கேஜுக்கு லெட்டர் வேண்டும்' என்று மட்டும் கேட்கிறார்கள். எச்ஆரும் பெயர், பதவி, சம்பளம், முடியும் தேதி என்று நான்கு வரி எழுதி அனுப்புகிறது. அந்தக் கடிதம் முடியும் தேதியை இன்னொரு முறை அடிக்கோடிட்டுக் காட்டுவதைத் தவிர வேறொன்றும் செய்யாது.

'ஒப்பந்தம் நிச்சயம் புதுப்பிக்கப்படும்' என்று எந்த எச்ஆரும் எழுத மாட்டார்கள். அது அவர்களுக்குச் சட்டச் சிக்கல். அவர்கள் எழுதக்கூடியதைக் கேளுங்கள்: முதலில் சேர்ந்த தேதி; ஒவ்வொரு ஒப்பந்தமும் தொடங்கிய, முடிந்த தேதிகள்; இடையில் ஒருநாள்கூட முறியாமல் பணி தொடர்ந்தது என்ற வரி; அடிப்படைச் சம்பளமும் உறுதியான படிகளும் தனித்தனியாக; இந்தப் பணியிடத்துக்கான நிதி எந்தத் தேதி வரை இருக்கிறது; 'தற்போதைய நிலையில், பணி திருப்திகரமாக இருந்தால், நீட்டிக்கும் எண்ணம் நிறுவனத்துக்கு உண்டு' என்ற வாக்கியம். கடைசி இரண்டும்தான் தங்கம். எச்ஆர் அந்த எண்ணத்தைப் பற்றி எழுதத் தயங்கினால், உங்கள் மேலாளரோ துறைத் தலைவரோ நிறுவனத் தலைப்புத்தாளில் எழுதலாம். ஆய்வுத் திட்டம் என்றால் திட்டத்தின் நிதி முடியும் தேதியைக் காட்டும் ஒப்புதல் கடிதமே போதிய சான்றாக இருக்கும்.

கடிதத்தில் தேதி, கையெழுத்து, நிறுவனத்தின் தொலைபேசி மூன்றும் இருக்கட்டும். வங்கி அந்த எண்ணை நம்பாமல் தானே தேடி எடுத்து அழைக்கும். அழைப்பு வரும் என்று எச்ஆருக்கு முன்பே சொல்லி வையுங்கள். யாரும் எடுக்காத தொலைபேசியால் இரண்டு வாரம் தேங்கிய விண்ணப்பங்கள் ஏராளம்.

மற்ற காகிதங்கள்

கடைசி மூன்று மாத பேஸ்லிப், கடைசி இரண்டு பி60 (ஆண்டுச் சம்பளத்தையும் வரியையும் காட்டும் சான்று), இப்போதைய ஒப்பந்தமும் முந்தையவையும், மூன்று மாத வங்கி ஸ்டேட்மென்ட், பாஸ்போர்ட், முகவரிச் சான்று. பி60இல் உள்ள ஆண்டு மொத்தமும் ஒப்பந்தங்களில் உள்ள சம்பளமும் ஒத்துப்போகிறதா என்று நீங்களே ஒருமுறை கூட்டிப் பாருங்கள். ஆண்டின் நடுவில் வேலை மாறியிருந்தால் பி60இல் பழைய நிறுவனத்தின் தொகை தனி வரியில் இருக்கும். அதைக் கவனிக்காமல் 'வருமானம் குறைவு' என்று திருப்பி அனுப்புவதும் நடக்கும்.

எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், டிரான்ஸ்யூனியன் மூன்றிலும் உங்கள் கடன் அறிக்கையைப் பார்த்துவிடுங்கள். வங்கிகள் எல்லாம் ஒரே நிறுவனத்தைப் பார்ப்பதில்லை. இந்தியா, இலங்கை குடிமக்கள் காமன்வெல்த் குடிமக்கள் என்பதால், இங்கே தங்க அனுமதி இருக்கும்வரை வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கலாம். நம்மவர்கள் பலர் இதை விட்டுவிடுகிறார்கள். முகவரியை உறுதிசெய்ய வங்கிகள் முதலில் பார்ப்பது அந்தப் பட்டியலைத்தான்.

அடுத்து, நம் ஆட்களின் ஸ்டேட்மென்ட்டில் மட்டும் வரும் ஒரு சிக்கல்: சீட்டு. மாதாமாதம் 500 பவுண்டு ஒரு தனிநபர் கணக்குக்குப் போனால் அண்டர்ரைட்டர் கண்ணுக்கு அது அறிவிக்கப்படாத கடன் தவணை. எடுத்த சீட்டுப் பணம் 10,000 மொத்தமாக உள்ளே வந்தால் அது எங்கிருந்து வந்தது என்று காட்ட ரசீது இருக்காது. டெபாசிட்டுக்காகச் சீட்டு எடுப்பதாக இருந்தால் விண்ணப்பத்துக்கு ஆறு மாதம் முன்பே எடுத்து முடித்துவிடுவது நல்லது. அப்போதும் கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். கைமாற்றாக வாங்கிய பணத்தை 'அன்பளிப்பு' என்று காட்டுவது பொய் அறிவிப்பு, விளையாட்டல்ல.

பெற்றோர் ஊரிலிருந்து டெபாசிட் அனுப்பினால் இரண்டு இடத்தில் கேள்வி வரும். வங்கி கேட்பது அன்பளிப்புக் கடிதம்: திருப்பித் தர வேண்டியதில்லை, வீட்டில் பங்கு கோர மாட்டோம் என்று கையெழுத்திட்டது. சாலிசிட்டர் கேட்பது அதைவிட அதிகம்: பெற்றோரின் அடையாளச் சான்று, அவர்களது வங்கி ஸ்டேட்மென்ட், அந்தப் பணம் எப்படிச் சேர்ந்தது என்ற ஆதாரம். நிலம் விற்ற பணம் என்றால் கிரையப் பத்திரமும், தமிழில் இருந்தால் சான்றிட்ட மொழிபெயர்ப்பும். இதற்கே ஒரு மாதம் ஆகும் என்பதால் பெற்றோரிடம் முதல் வாரத்திலேயே சொல்லிவிடுங்கள்.

இன்னொரு விஷயம், கடனைச் சார்ந்ததல்ல, ஆனால் பணத்தைச் சார்ந்தது. இங்கிலாந்தில் 2025 ஏப்ரல் 1 முதல், முதல்முறை வீடு வாங்குபவருக்கு 3,00,000 பவுண்டு வரை ஸ்டாம்ப் டியூட்டி இல்லை. அதற்கு மேல் 5,00,000 வரை உள்ள பகுதிக்கு 5%. வீட்டின் விலை 5,00,000ஐத் தாண்டினால் சலுகையே இல்லை. 'முதல்முறை' என்றால் உலகில் எங்குமே. ஊரில் பூர்வீக வீட்டில் உங்கள் பெயரில் பங்கு இருந்தால் இந்தச் சலுகை போகும். பங்கின் மதிப்பைப் பொறுத்து இரண்டாவது வீட்டுக்கான 5% கூடுதல் வரியும் வரலாம். சாலிசிட்டரிடம் இதை மறைக்காமல் கேளுங்கள்.

விசாவில் இருப்பவர்கள்

ஸ்கில்டு வொர்க்கர் விசாவும் ஒப்பந்தமும் பெரும்பாலும் ஒரே சமயத்தில் முடியும். அதனால் ஒரு கோப்பில் இரண்டு முடியும் தேதிகள். பல வங்கிகள் விசாவில் இருப்பவர்களிடம் கூடுதல் டெபாசிட், குறைந்தபட்சத் தங்கல் காலம், விசாவில் மீதிக் காலம் என்று தனி நிபந்தனைகள் வைத்திருக்கின்றன. விசாவை ஏற்கும் வங்கி, ஒப்பந்தத்தை ஏற்கும் வங்கி என்று இரண்டு பட்டியல் போட்டு, இரண்டிலும் வருபவை எவை என்று பாருங்கள். பட்டியல் சிறியதாக இருக்கும், ஆனால் வெறுமையாக இருக்காது. இப்போது பிஆர்பி என்ற குடியிருப்பு அட்டைக்குப் பதில் இணையவழி இவிசா என்பதால், அதைச் சரிபார்க்க வங்கிக்குத் தரும் குறியீடான ஷேர் கோடு எடுக்க வேண்டும். அது 90 நாளில் காலாவதியாகும். விண்ணப்பம் இழுத்தால் புதிது எடுத்துக் கொடுங்கள்.

என்எச்எஸ் மருத்துவர்கள்

பயிற்சியில் சுழலும் ரெசிடென்ட் மருத்துவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு ஒப்பந்தம் என்பது வங்கிகளுக்கும் தெரியும். பல வங்கிகள் அவர்களை ஏறக்குறைய நிரந்தர ஊழியராகவே எடுத்துக்கொள்கின்றன. பயிற்சித் திட்டத்தின் கடிதமும் அதன் முடிவுத் தேதியும் இருந்தால் போதும். ஆனால் டிரஸ்ட் (மருத்துவமனை நிர்வாகம்) நேரடியாக அமர்த்தும் டிரஸ்ட் கிரேடு, கிளினிக்கல் ஃபெலோ பணிகளில் இருப்பவர்களுக்கு இந்தச் சலுகை தானாக வராது. அவர்கள் பயிற்சித் திட்டத்தில் இல்லை, வெறும் 12 மாத ஒப்பந்தத்தில் இருக்கிறார்கள். வெளிநாட்டில் படித்து வந்த நம் மருத்துவர்களில் கணிசமானோர் இந்த இடத்தில்தான் இருக்கிறார்கள். விண்ணப்பத்தில் 'என்எச்எஸ் டாக்டர்' என்று மட்டும் போட்டு நகர்ந்தால், பிறகு ஒப்பந்தத்தைப் பார்த்ததும் மறுப்பு வரும். எந்தப் பணி என்று தொடக்கத்திலேயே சொல்லி, அதை ஏற்கும் வங்கிக்கே போக வேண்டும்.

ஆகஸ்ட் மாத மாற்றத்தை ஒட்டி விண்ணப்பிக்காதீர்கள். புதிய டிரஸ்ட், புதிய பேஸ்லிப், தவறான வரிக் குறியீடு, முதல் மாதம் பாதிச் சம்பளம் என்று எல்லாம் கலங்கியிருக்கும். ஜூனுக்குள் முடியுங்கள், அல்லது அக்டோபர் வரை பொறுங்கள். கூடுதல் நேர ஊதியத்துக்கும் லண்டன் அலவன்ஸுக்கும் வங்கி முழு மதிப்புத் தருகிறதா, பாதியா என்று கேளுங்கள். லோகம் ஷிஃப்ட் (பிறருக்குப் பதிலாகத் தற்காலிகமாகப் பார்க்கும் பணி) வருமானத்துக்குத் தனி வரலாறு காட்ட வேண்டியிருக்கும்.

புரோக்கர், டிஐபி, விண்ணப்பம்

நிரந்தர வேலை என்றால் நேராக வங்கிக்குப் போகலாம். ஒப்பந்தத்தில் இருப்பவருக்கு புரோக்கர் வைப்பது செலவுக்குத் தகுந்த பலன் தரும். புரோக்கரின் பெயர் எஃப்சிஏ பதிவேட்டில் இருக்கிறதா, சந்தை முழுவதையும் பார்ப்பவரா, கட்டணம் எவ்வளவு, எப்போது கட்ட வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். முதல் அழைப்பிலேயே இதைக் கேளுங்கள்: 'என் ஒப்பந்தத்தில் இத்தனை மாதம் பாக்கி, இத்தனை முறை புதுப்பித்தது, எந்த வங்கியின் விதிக்குள் வருகிறேன்?' நல்ல புரோக்கர் விண்ணப்பத்துக்கு முன்பே வங்கியிடம் பேசி எழுத்தில் பதில் வாங்குவார். 'போட்டுப் பார்ப்போம்' என்பவரை விட்டு விலகுங்கள்.

அடுத்தது டிஐபி, அதாவது கொள்கையளவிலான ஒப்புதல். பொதுவாக 30 முதல் 90 நாள் செல்லும். வீட்டு ஏஜென்ட் வீடு காட்டும் முன்பே இதைக் கேட்பார். பெரும்பாலும் இது மென்மையான கடன் சோதனையோடு கிடைக்கும். மற்ற வங்கிகளுக்கு அது தெரியாது. முழு விண்ணப்பம் வன்மையான சோதனை, அறிக்கையில் பதிவாகும். ஒரே மாதத்தில் நான்கு வங்கிகளில் வன்மையான சோதனை செய்துகொண்டால் ஐந்தாவது வங்கி சந்தேகப்படும். டிஐபி வந்ததும் கடன் கிடைத்துவிட்டது என்று எண்ண வேண்டாம். அந்தக் கட்டத்தில் ஒப்பந்தத்தை யாரும் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

முழு விண்ணப்பத்தோடு ஒரு பக்க வேலை வரலாற்றை இணையுங்கள்: நிறுவனம், தொடக்கம், முடிவு, சம்பளம், இடைவெளி, அதற்கான காரணம். அண்டர்ரைட்டர் ஆறு கோப்புகளைத் திறந்து தேதிகளைத் தேடாமல் ஒரே பார்வையில் பார்க்க முடிந்தால் கேள்விகள் பாதியாகும்.

கடன் ஒப்புதலுக்கும் சாவிக்கும் இடையில்

அபாயம் அதிகம் இருக்கும் கட்டம் இதுதான். கடன் ஒப்புதல் பொதுவாக 3 முதல் 6 மாதம் செல்லும். எக்ஸ்சேஞ்ச் நடந்ததும், அதாவது வீட்டு விற்பனை ஒப்பந்தங்கள் மாற்றிக்கொள்ளப்பட்டதும், நீங்கள் வாங்கியே ஆக வேண்டும். பின்வாங்கினால் வழக்கமான 10% போகும். 2,10,000 பவுண்டு வீட்டில் அது 21,000. எக்ஸ்சேஞ்சுக்கும் சாவி வாங்கும் நாளுக்கும் இடையில் வேலை ஒப்பந்தம் முடிந்து புதுப்பிக்கப்படாமல் போனால் வங்கி ஒப்புதலைத் திரும்பப் பெறலாம். சில வங்கிகள் பணம் விடுவிக்கும் முன் நிறுவனத்தை மீண்டும் அழைத்துக் கேட்கும். ஆகவே புதுப்பித்தல் கடிதம் கைக்கு வரும்வரை எக்ஸ்சேஞ்ச் செய்யாதீர்கள். விற்பவர் அவசரப்படுத்தினாலும் சரி, வீட்டு ஏஜென்ட் நாளுக்கு மூன்று முறை போன் செய்தாலும் சரி.

இடையில் ஒப்பந்தம் மாறினாலும், சம்பளம் குறைந்தாலும், வேலை போனாலும் வங்கியிடம் சொல்வது கட்டாயம். மறைப்பது 2006ஆம் ஆண்டு மோசடிச் சட்டத்தின் கீழ் குற்றமாகலாம்.

மறுத்துவிட்டால்

உடனே அடுத்த வங்கிக்கு ஓடாதீர்கள். மறுப்பு எதனால் என்று புரோக்கர் வழியாகக் கேளுங்கள்: கடன் மதிப்பெண்ணா, வருமானக் கணக்கா, ஒப்பந்த விதியா? மதிப்பெண் என்றால் அதைச் சரிசெய்ய ஆறு மாத வேலை இருக்கிறது. வருமானக் கணக்கு என்றால் கடன் காலத்தை நீட்டலாம், அல்லது கார் கடனை அடைக்கலாம். ஒப்பந்த விதி என்றால் வங்கி மாறினால் போதும். ஒப்பந்தத்தைத் தவறாகப் படித்து மறுத்திருந்தால், மேம்பட்ட எச்ஆர் கடிதத்தோடு அண்டர்ரைட்டரிடமே மறுபரிசீலனை கேட்கலாம். அது பலிப்பதும் உண்டு. புகார் கொடுத்தால் வங்கிக்கு எட்டு வாரம். அதன் பிறகு நிதித்துறைப் புகார்களை விசாரிக்கும் ஆம்புட்ஸ்மனிடம் போகலாம். ஆனால் கடன் கொடுப்பதா வேண்டாமா என்பது வங்கியின் வணிக முடிவு. நடைமுறை தவறாக இருந்தால் மட்டுமே அங்கே பயன்.

சாவி வாங்கிய பிறகு

ஒப்பந்தங்களுக்கு இடையே விழும் இடைவெளிக்கு ஆறு மாத தவணையைத் தனிக் கணக்கில் வைத்திருங்கள். இதற்கு வேலையிழப்பு காப்பீடு எடுப்பதாக இருந்தால் பாலிசியைக் கவனமாகப் படியுங்கள். ஒப்பந்தம் இயல்பாக முடிவதைப் பல பாலிசிகள் வேலையிழப்பாகவே ஏற்பதில்லை. நோயால் வேலை செய்ய முடியாத நிலைக்கான வருமானப் பாதுகாப்புக் காப்பீடு வேறு. அது ஒப்பந்த ஊழியர்களுக்கும் பயன்படும்.

தவணை தடுமாறும் முன்பே வங்கியிடம் பேசுங்கள். 2023 ஜூனில் பெரும்பாலான வங்கிகள் ஏற்ற மார்ட்கேஜ் சார்ட்டரின்படி, தவணை பாக்கி இல்லாதவர்கள் ஆறு மாதம் வட்டி மட்டும் கட்டலாம், அல்லது கடன் காலத்தை நீட்டிக்கொள்ளலாம். வருமானத்தைப் புதிதாகச் சோதிக்க மாட்டார்கள், கடன் மதிப்பெண்ணும் பாதிக்கப்படாது. யூனிவர்சல் கிரெடிட் என்ற அரசு உதவித்தொகை பெறத் தொடங்கி மூன்று மாதமானால், 2,00,000 பவுண்டு வரையிலான கடனின் வட்டிக்கு அரசு உதவி கோரலாம். அது மானியமல்ல, வீட்டை விற்கும்போது வட்டியோடு திருப்பித் தர வேண்டிய கடன். பொது நிதி பெறத் தடையுள்ள விசாவில் இருப்பவர்களுக்கு அந்த வழி இல்லை.

நிலையான வட்டிக் காலம் இரண்டோ ஐந்தோ ஆண்டில் முடியும்போது ஒப்பந்த ஊழியருக்கு உதவும் வழி ஒன்று இருக்கிறது. வேறு வங்கிக்கு மாறினால் வருமானம், ஒப்பந்தம், பாக்கி மாதம் எல்லாம் முதலிலிருந்து. அதே வங்கியில் புராடக்ட் டிரான்ஸ்ஃபர், அதாவது புதிய வட்டித் திட்டத்துக்கு மாற்றம், எடுத்து, கூடுதல் கடன் கேட்காமல் இருந்தால், பொதுவாக வருமானத்தைச் சோதிப்பதில்லை. பல வங்கிகள் காலம் முடிய மூன்று நான்கு மாதம் இருக்கும்போதே புதிய வட்டியை உறுதிசெய்துகொள்ள விடுகின்றன. அந்தச் சமயம் ஒப்பந்தத்தில் ஒரு வாரம்தான் பாக்கி என்றாலும் அங்கே யாரும் கேட்கப் போவதில்லை. கடனில் ஒருவரைச் சேர்ப்பதற்கோ நீக்குவதற்கோ, கடனை வேறு வீட்டுக்குக் கொண்டுபோவதற்கோ இது பொருந்தாது. அவற்றுக்கு முழுச் சோதனை உண்டு, ஆகவே அவற்றை ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்ட மாதத்திலேயே கேளுங்கள்.